ஈயும் புழுவும்

தூண்டில் போட்டு எனக்குப் பழக்கமில்லை. ஆனாலும் டிரவுட் மீனுக்குப் புழு மாட்டாமல், இறகும் பட்டுநூலும் சுற்றிய பொய் ஈயை வீசுகிறவர்களின் பிடிவாதம், கதை எழுதிப் பிழைக்கும் எனக்குப் புரிகிறது. புழு நிஜமான ஆகாரம். மீன் கவ்வுவதில் அதிசயமென்ன? பொய் ஈ அப்படியல்ல. அந்த வேளையில் மீன் தின்னும் பூச்சி எதுவென்று ஆற்றைப் பார்த்து அறிந்து, அதே சாயலில் கட்டி, நீர்மேல் பூப்போல இறக்கினால்தான் நம்பும்.

இங்கிலாந்தில் ஹால்ஃபோர்டு என்பவர் மிதக்கும் ஈக்களைப் பற்றி 1886இல் ஒரு புத்தகமே எழுதினார். சீடர்களுக்கு அது வேதம். ஸ்க்யூஸ் என்ற வக்கீலோ, மீன் பெரும்பாலும் உண்பது நீருக்கடியில்தானே என்று, பூச்சியின் இளம்பருவத்தைப் போலக் கட்டி உள்ளே விட்டார். அபசாரம்! 1938இல் லண்டனில் சங்கத்தைக் கூட்டி விவாதித்தார்கள். அப்போது அவருக்கு வயது எழுபத்தொன்பது. எனக்கென்னவோ வக்கீல் கட்சிதான்.