நடந்த கணக்கு

பணக் கணக்கில் பொய் சொன்னால் கண்டுபிடிக்க ஆடிட்டர் இருக்கிறார். எடைக்கல்லில் பொய் இருந்தால் பிடிக்க முத்திரை அதிகாரி இருக்கிறார். ஆனால், "வழி முழுவதும் நடந்தே வந்தேன்" என்று ஒருவர் சொன்னால், அதைச் சோதிக்க யார் இருக்கிறார்கள்? சாலையோரத்துப் புளிய மரங்கள் சாட்சிக் கூண்டில் ஏறப் போவதில்லை. ஆகையால் நடைக் கணக்கு மனச்சாட்சி ஒன்றினிடமே ஒப்படைக்கப்பட்ட கணக்காக இருந்து வருகிறது.

திருநாவலூர்வாசிகளான நமக்கு இவ்விஷயத்தில் அக்கறை உண்டு. நமது ஊரிலிருந்து திருக்கோவலூர் வழியாகத் திருவண்ணாமலைக்கு நடந்து போகிறவர்களை நாம் அறிவோம். போய்ச் சேர்ந்த பிறகு மலையைச் சுற்ற இன்னும் 14 கிலோமீட்டர் நடக்க வேண்டும். வழியில் பஸ் இருக்கிறது, ஆட்டோ இருக்கிறது, அவ்விரண்டையும்விட நிச்சயமாகக் கால்வலி இருக்கிறது. வாகனத்தில் ஏறுவது குற்றமன்று. இறங்கிய பின் என்ன சொல்கிறோம் என்பதுதான் கேள்வி.

சில வருஷங்களுக்கு முன், நமது தெரு வாலிபர் ஒருவர் அவ்வழியை ஓர் இரவிலும் ஒரு பகலிலும் நடந்து முடித்ததாகப் பெருமையுடன் சொல்லிக் கொண்டிருந்தார். அறுபதைக் கடந்த நமது பெரியம்மா அதைக் கேட்டார். சிறுவனுக்கு ஒரு நாள் என்றால் தமக்கு இரண்டு நாள் போதும் என்று மனக்கணக்குப் போட்டார். அதற்குத் தக்கபடி கட்டுச்சோறும் தண்ணீரும் எடுத்துக்கொண்டு புறப்பட்டார். இரண்டாம் நாள் மாலை, திருக்கோவலூரைத் தாண்டிச் சிறிது தூரத்தில், கால் கொப்புளித்து, வெயிலில் மயங்கிச் சாய்ந்துவிட்டார். வழிப்போக்கர் சிலர் இளநீர் கொடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். உயிர் தப்பியது பெரியோர் செய்த புண்ணியம்.

செய்தி கேட்ட வாலிபர் மறுநாள் காலையே அவருடைய கட்டிலருகில் வந்து நின்றார்.

"பெரியம்மா, நான் பாதி வழி பஸ்ஸில் போனேன்" என்றார்.

பெரியம்மா அவரைச் சற்று நேரம் உற்றுப் பார்த்தார். "அதை அன்றைக்கே சொல்லியிருந்தால், நானும் பாதி வழிக்குப் பஸ் ஏறியிருப்பேனே, தம்பி!" என்றார்.

நடைப் பொய்யால் யாருக்கு என்ன நஷ்டம் என்று கேட்போருக்கு இதைவிட நல்ல பதில் நமக்குத் தெரியவில்லை. முன்னால் நடந்தவனுடைய வார்த்தைதான் பின்னால் நடக்கிறவனுக்கு வரைபடம். அவன் ஒரு காதத்தை மறைத்தால், இவன் ஒரு குடம் தண்ணீரைக் குறைத்து எடுத்துக்கொள்கிறான்.

அமெரிக்காவில் அப்பலேச்சியன் மலைத்தொடரை ஒட்டி, ஜார்ஜியாவிலிருந்து மெயின் வரை சுமார் 2,190 மைல் நீளமுள்ள நடைபாதை ஒன்று இருக்கிறது. 1948-ம் வருஷம் ஏர்ல் ஷாஃபர் என்பவர் அதை ஒரே யாத்திரையாக முதன்முதல் நடந்து முடித்ததாக அறிவித்தார். அதன் பிறகு ஆயிரக்கணக்கானோர் முடித்திருக்கிறார்கள். பாதையைப் பராமரிக்கும் சங்கத்தார் யாரையும் குறுக்கு விசாரணை செய்வதில்லை; நடந்தேன் என்று எழுதிக் கொடுத்தால் நம்பிப் பதிவு செய்து கொள்கிறார்கள். ஸ்பெயின் தேசத்துச் சந்தியாகு யாத்திரையிலோ, 100 கிலோமீட்டராவது நடந்ததற்கு வழியெங்கும் முத்திரை வாங்கி வந்தால்தான் சான்றிதழ். நமக்கு என்னவோ முதல் முறையே உயர்ந்ததாகத் தோன்றுகிறது. முத்திரை காகிதத்தில் விழுகிறது. நம்பிக்கையோ மனிதன்மீது விழுகிறது. அதைச் சுமப்பது கடினம் என்பதில் சந்தேகமில்லை.

இவ்வளவு தூரம் போவானேன்? நமது ஊர் சுந்தரமூர்த்தி நாயனார் அவதரித்த ஊர். கயிலைக்குப் போன அடியார்களின் வரலாறு பெரியபுராணத்தில் இருக்கிறது. அப்பர் பெருமான் கால் தேயும் வரை நடந்தார், கைகளால் தவழ்ந்தார், மார்பால் ஊர்ந்தார், பின்பு உருண்டார். ஆயினும் கயிலை மலையை அவர் அடையவில்லை. பொய்கையில் மூழ்கித் திருவையாற்றில் எழுந்தார். அங்கேதான் கயிலைக் காட்சி கிடைத்தது. அவருடைய பதிகமும் ஐயாற்றில் கண்டதாகவே கூறுகிறது. அத்தனை பாடுபட்டவர், கயிலை வரை போய் வந்ததாக ஒரு சொல் கூட்டிச் சொல்லவில்லை.

நமது ஊர்க்காரரோ அவ்வளவு சிரமப்படவில்லை. திருவஞ்சைக்களத்திலிருந்து வெள்ளை யானைமீது ஏறிச் சௌக்கியமாகவே போனார். ஆனால், யானையில் போனதை அவர் மறைத்தாரா? இல்லை. தமது பதிகத்திலே பாட்டுக்குப் பாட்டு அந்த யானையைச் சொல்லி, அனுப்பியவனையும் வாழ்த்தினார். நடந்தவரும் உள்ளதைச் சொன்னார். ஏறிப் போனவரும் உள்ளதைச் சொன்னார். ஆகவே இருவர் பாட்டையும் நாம் இன்றும் ஒரே பக்தியுடன் பாடுகிறோம்.

வெள்ளை யானை கிடைக்காத நமக்குப் பஸ் இருக்கிறது. ஏறுவதில் வெட்கமில்லை. எந்த ஊரில் ஏறினோம், எந்த ஊரில் இறங்கினோம் என்பதை மட்டும் சொல்லிவிட்டால் போதும்.