பழைய பாட்டரியின் வழி

ஈயம் என்னுஞ் சொல் தமிழர்க்குப் புதியதன்று. ரசம் வைக்கும் ஈயச்சொம்பை நம்மவர் நன்கறிவர். அச்சொம்பு வெள்ளீயத்தாலாயது, யாம் ஈண்டு எழுதப் புகுந்ததோ காரீயத்தைக் குறித்து. பெயரால் உறவேனும் குணத்தால் இரண்டும் வேறு. காரீயம் உடலுட் புகின் மூளையைத் தாக்கும்; குழந்தைகட்கு அதனால் விளையுங் கேடு பெரிது. இத்துணை புகுந்தால் தீங்கில்லை என வரையறுக்கத்தக்க அளவு யாதும் அறியப்படவில்லை என்பர் உலக சுகாதார ஸ்தாபனத்தார்.

1859-ஆம் ஆண்டில் பிரான்சு தேசத்துப் பிளாந்தே என்பார் காரீயத் தகடுகளைக் கந்தகத் திராவகத்தில் அமிழ்த்தி, மின்சாரத்தைச் சேமித்து மீட்டும் பெறும் பாட்டரியை அமைத்தார். மோட்டார் வண்டிகளிலும், மின்சாரம் நின்ற இரவுகளில் எம் விடுதிக்கு விளக்களிக்கும் பெட்டியிலும் இருப்பது அதன் வழித்தோன்றலே. பாட்டரி ஓய்ந்தாலும் அதனுள்ளிருக்கும் ஈயம் ஓய்வதில்லை. உருக்கினால் மீண்டும் பயன்படும். ஆதலின் பழம் பாட்டரியைக் குப்பையில் எறிவார் அரியர், விற்பாரே பலர். யாருக்கு விற்கின்றனர் என்பதே வினா.

இந்திய அரசாங்கத்தார் 2001-ஆம் ஆண்டிலேயே, பழைய காரீயப் பாட்டரிகளை வியாபாரிகள் திரும்பப் பெறல் வேண்டுமென விதித்தனர். 2022-இல் அவ்விதிகளை நீக்கி, எல்லா வகைப் பாட்டரிகளையுந் தழுவிய புதிய விதிகளை இயற்றினர். பாதரசம் நிறையில் நூற்றுக்கு 0.0005 பங்கும், கையடக்கப் பாட்டரிகளிற் காட்மியம் 0.002 பங்கும் மிகலாகாது என்பது ஒன்று. பாட்டரியைச் செய்து விற்றவரே அதன் முடிவுக்கும் பொறுப்பாளர் என்பது மற்றொன்று. விற்றதோடு கைகழுவுதல் இனி இயலாது. நல்ல சட்டமே.

ஆயினும், முறையான உலைக்கூடம் புகையை வடிகட்டவும், திராவகத்தின் வீரியத்தை மாற்றவும், தொழிலாளரின் உடல்நலம் பேணவும் பணஞ் செலவிடுகின்றது. ஊர்ப்புறக் கொட்டகையிற் பாட்டரியைக் கோடரியாற் பிளந்து, திராவகத்தை மண்ணிற் கொட்டி, திறந்த அடுப்பில் உருக்குவோனுக்கு அச்செலவில்லை. அதனால் அவன் நமக்குச் சற்று மிகுதியாகக் கொடுக்க வல்லவனாகின்றான். அம்மிகுதியை உண்மையில் யார் கொடுக்கின்றனர்? அவன் ஆடையில் ஒட்டிய ஈயத்தூள் அவனோடு வீடு செல்கின்றது. தந்தையை ஓடிவந்து கட்டிக்கொள்ளும் குழந்தையே கொடுக்கின்றது.

புதிய பாட்டரியை விற்கும்போதே ஒரு தொகையை ஈடாகப் பெற்று, பழையதைக் கொணர்ந்தபின் திருப்பியளிக்கும் முறையொன்றை 2022 விதிகள் குறிக்கின்றன. கட்டாயமாக அன்று, 'செய்யலாம்' என்ற அளவிலேயே. 'செய்யலாம்' என்பதற்கும் 'செய்தல் வேண்டும்' என்பதற்கும் உள்ள தூரம் இலக்கணம் பயிலும் எமக்குத் தெரியும். ஈட்டுத் தொகை அக்கொட்டகையார் தரும் மிகுதியிற் பெரிதாயின், யாரும் சொல்லாமலே பாட்டரி கடைக்குத் திரும்பும். எம் விடுதிப் பாட்டரிகள் மாற்றப்படுங் காலம் நெருங்குகின்றது. பழையவை எவர் கைக்குச் செல்லும் என்று விடுதிக் காப்பாளரைக் கேட்க எண்ணியுள்ளோம்.