மீதியில் வரும் நீர்

நிலத்தின் மேல் பெய்யும் மழையில் ஏறக்குறைய 60 சதவீதம் ஆற்றில் இறங்கிக் கடலுக்குப் போவதே இல்லை. மண்ணிலிருந்து ஆவியாகவும், இலைகள் வழியே நீராவிப்போக்காகவும் மறுபடி வானத்துக்கே ஏறிவிடுகிறது. இரண்டையும் சேர்த்து இவாப்போட்ரான்ஸ்பிரேஷன் என்கிறார்கள், சுருக்கமாக ஈடி. ஆற்றில் ஓடுவதை மதகில் அளக்கலாம், அணையில் நிற்பதை அளவுகோலில் படிக்கலாம். இவ்வளவு தண்ணீர் போகிற இந்தப் பாதைக்கு மட்டும் மதகு கிடையாது.

செயற்கைக்கோள் தரவை வைத்து இதை வரைபடமாக்குகிறார்கள். அந்தப் படங்களைப் பார்த்தால், மேலிருந்து ஒரு கேமரா நீராவியையே பிடித்துவிட்டது போலத் தோன்றும். அப்படி எந்தக் கேமராவும் இல்லை. நான் கணக்கு மென்பொருள் எழுதிப் பிழைப்பவன். இதன் பின்னால் இருக்கும் முறையைப் படித்தபோது எனக்குச் சட்டென்று ஒட்டிக்கொண்டதற்குக் காரணம், அதுவும் ஒரு வரவு செலவுக் கணக்கு என்பதுதான்.

மண்பானையில் கசியும் நீர் ஆவியாகும்போது சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது, அதனால்தான் உள்ளே தண்ணீர் ஜில்லென்று இருக்கிறது. ஒரு லிட்டர் நீர் ஆவியாக சுமார் 2.45 மெகாஜூல் வெப்பம் வேண்டும். வயலும் அப்படித்தான். லேண்ட்சாட்டின் வெப்ப உணர்வி தரையின் சூட்டை அளக்கிறது. வயலுக்குக் கிடைத்த நிகர வெயில் வரவு. மண்ணைச் சூடாக்கியது ஒரு செலவு, காற்றைச் சூடாக்கியது இன்னொன்று. கழித்தால் மிஞ்சுகிற வெப்பம் நீரை ஆவியாக்கப் போயிருக்க வேண்டும். 1990களில் நெதர்லாந்தின் விம் பாஸ்டியான்சன் உருவாக்கிய செபல் என்ற முறை இதுதான்.

கணக்கு எழுதுகிறவர்களுக்கு இதிலுள்ள ஆபத்து தெரியும். மீதியாக வருகிற எண்ணில் மேலே உள்ள எல்லா வரிகளின் பிழையும் வந்து உட்காரும். ஐடஹோ பல்கலைக்கழகத்தின் ரிக் ஆலன், செபலிலிருந்து வளர்த்த மெட்ரிக் முறையில் இதற்கு ஒரு வழி கண்டார். ஒரே படத்துக்குள் நன்றாக நீர் பாய்ந்த குளிர்ந்த வயல் ஒன்று, காய்ந்து கிடக்கும் சூடான வயல் ஒன்று. இரண்டின் ஈடியையும் தரையிலுள்ள வானிலைத் தரவை வைத்துச் சொல்லிவிடலாம். மற்ற வயல்களெல்லாம் இவற்றுக்கு நடுவில் வந்துவிடும். பிழை போய்விடாது, ஆனால் இரு முனையிலும் கட்டிய கயிறு மாதிரி ரொம்ப ஆடாது.

உலகம் முழுமைக்கும் நாசா தரும் மோட்16 வரைபடத்தில் ஒரு கட்டம் 500 மீட்டர், அதாவது 25 ஹெக்டேர். இந்தியாவில் சராசரி நிலவுடைமை 2015-16 கணக்கெடுப்பின்படி 1.08 ஹெக்டேர். இருபது பேர் வயலுக்கு மேல் ஒரே நிறம்! லேண்ட்சாட் 8இன் வெப்ப உணர்வியோ 100 மீட்டர் வரை பிரித்துப் பார்க்கும். அந்தக் கருவி முதலில் திட்டத்திலேயே இல்லை. அமெரிக்க மேற்கு மாநிலங்களின் நீர் நிர்வாகிகள் விடாமல் வற்புறுத்திய பிறகே சேர்த்து, 2013இல் ஏவினார்கள்.

அவர்கள் கவலை என்னவென்று ஐடஹோவின் ஸ்னேக் ஆற்றுச் சமவெளியைப் பார்த்தால் புரியும். அங்கே வாய்க்காலில் தாராளமாகப் பாய்ச்சிய காலத்தில், பயிர் குடித்தது போக மீதி நிலத்தடியில் இறங்கியது. 1950கள் வரை நீர்மட்டம் ஏறிக்கொண்டே வந்தது. கீழே தவுசண்ட் ஸ்பிரிங்ஸ் என்ற இடத்தில் ஊற்றுகள் பெருகின, ட்ரவுட் மீன் பண்ணைகள் அவற்றை நம்பி வந்தன. பிறகு விவசாயிகள் சிக்கனமான தெளிப்பு நீர்ப்பாசனத்துக்கு மாறினார்கள், ஆழ்கிணறுகளும் வந்தன. ஊற்றுகள் இளைத்தன. பயிர் ஆவியாக்கிய நீர் என்னவோ குறையவில்லை. வயலில் மிச்சமானது ஊற்றில் கழிந்தது, அவ்வளவுதான். வழக்குகள் பல வருஷம் இழுத்து, 2015இல் நிலத்தடி நீர்ப் பாசனக்காரர்கள் ஆண்டுக்கு 2,40,000 ஏக்கர் அடி குறைத்துக்கொள்ள ஒப்புக்கொண்டார்கள். நம் கணக்கில் பத்து டிஎம்சிக்குக் கொஞ்சம் மேல்.

கடலில் கலக்கிற நீரைத் தடுத்தால் அது நிஜமான சேமிப்பு. மற்றபடி, சொட்டுநீரால் இத்தனை சதவீதம் மிச்சம் என்று எங்கே படித்தாலும் இப்போது எனக்கு முதலில் தோன்றுவது ஒன்றுதான்: ஈடி குறைந்ததா? குறையவில்லை என்றால், அந்த மிச்சம் இதுவரை யார் கிணற்றில் ஊறிக்கொண்டிருந்தது?