அப்பாவோட பழைய எஸ்டீமும் நாலு கிலோமீட்டரும்

"டாக்டர், நீங்க கார் ரேஸ் எல்லாம் ஓட்டுவீங்களா?"ன்னு போன வாரம் போட்ட போட்டோவுக்குக் கீழ நிறைய பேர் கேட்டிருந்தீங்க. ரேஸ் இல்லைங்க, ட்ராக் டே. ரெண்டும் வேற. ஆர்சி இல்லாத வண்டியை வெச்சு எப்படி ஆரம்பிச்சேன்னு ஒரு த்ரெட்டா எழுதிடறேன். நடுவுல நான் பண்ண ஒரு தப்பும் வரும். உண்மையில அதுக்காகத்தான் எழுதறேன்.

ட்ராக் டேன்னா, ரேஸ் ட்ராக்கை ஒரு நாளைக்கு எடுத்து, பணம் கட்டினவங்களை குழு குழுவா பிரிச்சு, ஒரு தடவைக்கு கால் மணி நேரம் இருபது நிமிஷம்னு ஓட்ட விடுவாங்க. பரிசு கிடையாது. கண்ட இடத்துல முந்தக்கூடாது. சென்னைப் பக்கம் இருக்கறவங்களுக்கு இருங்காட்டுக்கோட்டை, ஒரு சுற்று சுமார் 3.7 கி.மீ. கோவைக்காரங்களுக்கு செட்டிபாளையத்துல கரி மோட்டார் ஸ்பீட்வே, 2.1 கி.மீ. இதுக்கெல்லாம் முன்னாடி சோழவரத்துல, பழைய விமான ஓடுதளத்துல ரேஸ் நடக்கும். அப்பா சின்ன வயசுல அங்க போய் வெயில்ல நின்னு பார்த்த கதையை ஒரு நூறு தடவையாவது சொல்லியிருப்பார்.

வண்டி அப்பாவோடது. 1999 மாடல் மாருதி எஸ்டீம். 15 வருஷம் முடிஞ்சு 2014ல ஆர்சி புதுப்பிச்சார். அது அஞ்சு வருஷம். 2019ல அது முடியும்போது அப்பாவும் இல்லை. காயலான் கடைக்குப் போட அம்மா ஒத்துக்கலை. போர்டிகோவுல தூசி படிஞ்சு நின்னுட்டே இருந்தது.

யோசனை கொடுத்தது எங்க மெக்கானிக் அண்ணன். "ஆர்சி ரோட்டுக்குத்தானே வேணும் டாக்டர், ட்ராக்குக்கு எதுக்கு?" அவர் சொன்னது பெரும்பாலும் சரி. மூடின ட்ராக் பொது இடம் இல்லை. வண்டியோட நிலைமையைத்தான் பார்ப்பாங்க: எண்ணெய் ஒழுகுதா, பேட்டரி கெட்டியா இருக்கா, இழுத்துக் கட்டற கொக்கி இருக்கா, டயர் எப்படி. நடத்தறவங்களுக்கு முன்னாடியே ஒரு ஃபோன் போட்டு "ஆர்சி இல்லாத வண்டி, விடுவீங்களா?"ன்னு கேட்டுடுங்க. ஆளுக்கு ஆள் விதி மாறும்.

எஸ்டீம் இதுக்கு நல்ல வண்டிதான். 1.3 லிட்டர் இன்ஜின், எடை ஒரு டன்னுக்கும் கம்மி. நம்ம ஊர் ரேஸ்கள்ல பல வருஷம் எஸ்டீமுக்குன்னே தனி வகுப்பு இருந்தது. அதனால வேலை தெரிஞ்ச கைகள் இன்னும் இருக்கு.

எல்லாரும் முதல்ல இன்ஜின்ல கை வைப்பாங்க. நாங்க வைக்கலை. பிரேக் போதும்னு நினைச்சு அதையும் பாதிதான் பண்ணோம். பேட் மாத்தினோம், பிரேக் ஆயிலை மாத்தலை. முதல் நாள், நாலாவது சுற்று. நேர்பாதை முடியற இடத்துல மிதிச்சா பெடல் பஞ்சு மாதிரி உள்ளே போகுது. விட்டு விட்டு நாலு தடவை மிதிச்சு, கியரைக் குறைச்சு, எப்படியோ வளைவைத் தாண்டி மண்ணுல இறங்கி நின்னேன்.

காரணம் எளிமையானது. பிரேக் ஆயில் காத்துல இருக்கற ஈரத்தை உறிஞ்சும். டாட் 4 வகை புதுசா இருந்தா குறைஞ்சது 230 டிகிரி வரைக்கும் கொதிக்காது. ஈரம் ஏறிப்போனா 155 டிகிரிக்கே கொதிக்கலாம். கொதிச்சா குழாய்க்குள்ள ஆவிக் குமிழி. திரவத்தை அமுக்கினா அழுத்தம் அந்தப் பக்கம் போகும். குமிழியை அமுக்கினா குமிழிதான் சுருங்கும். மருத்துவத்துல இதுக்கு அப்படியே ஒரு ஜோடி உண்டு. ரத்தக்குழாய் வழியா நிறைய காத்து உள்ள போய் இதயத்தோட வலது அறையில நின்னுட்டா, இதயம் துடிச்சுட்டே இருக்கும், ரத்தம் போகாது. படிச்சது மறந்துபோகலை, கார்ல பொருத்திப் பார்க்கத்தான் தோணலை.

100ல இருந்து 140க்குப் போனா வேகம் கூடறது 40 சதவீதம், பிரேக் கரைக்க வேண்டிய சக்தி கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு. அதனால காசை பிரேக் ஆயில், பேட், டயர்னு இந்த வரிசையில போடுங்க.

அடுத்தது உடம்பு. ஒரிஜினல் சீட், ஒரிஜினல் சீட் பெல்ட், நல்ல ஹெல்மெட். முதல் வருஷத்துக்கு இது போதும். ஹெல்மெட் கார் ரேஸுக்கானதா இருக்கணும். பைக் ஹெல்மெட்டுக்கு தீ தாங்கற சோதனை கிடையாது. ஆன்லைன்ல நாலு பட்டி பெல்ட் பார்த்து உடனே வாங்கிடாதீங்க. கால் இடுக்குல வர்ற பட்டி இல்லைன்னா, மோதும்போது உடம்பு கீழ நழுவி இடுப்புப் பட்டி வயித்துக்கு ஏறும். குடல் கிழிஞ்சு வந்தவங்களை நாங்க பார்த்திருக்கோம்.

அதைவிட முக்கியம் கழுத்து. அந்தப் பட்டிகள் தோளை அசையவிடாது. அப்போ முன்னாடி பாயறது தலை மட்டும்தான். 2001 டேடோனா 500 ரேஸ்ல டேல் எர்ன்ஹார்ட் இறந்தது மண்டையோட்டோட அடிப்பகுதி எலும்பு உடைஞ்சு. அதைத் தடுக்கற 'ஹான்ஸ்' அதுக்குப் பல வருஷம் முன்னாடியே இருந்தது. ராபர்ட் ஹப்பர்ட்ங்கற பயோமெக்கானிக்ஸ் பேராசிரியர், ரேஸ் ஓட்டற தன் மச்சான் ஜிம் டவுனிங்கோட சேர்ந்து 1980கள்ல உருவாக்கினது. ஃபார்முலா ஒன்ல கட்டாயமானது 2003ல. பட்டி மாத்தினா ஹான்ஸும் வாங்கணும். காசு இல்லைன்னா பழைய பெல்ட்டே பாதுகாப்பு.

ரெண்டாவது வருஷம் நான் எல்லாத்தையும் மாத்தினேன். பக்கெட் சீட், ஆறு பட்டி பெல்ட், ஹான்ஸ், இரும்புக் குழாய்ல ரோல் கேஜ், ட்ராக்குக்கான பேட். இப்போ அந்தத் தப்பு.

ஞாயித்துக்கிழமை சாயங்காலம். வேலை முடிஞ்சு வண்டி ஷெட்ல நிக்குது. வீட்டுக்குக் கொண்டுபோக ரெக்கவரி வண்டி சொல்லியிருந்தேன். வரலை, ஃபோன் ஸ்விட்ச் ஆஃப். மெக்கானிக் அண்ணனும் கிளம்பியாச்சு. மறுநாள் காலைல எனக்கு டூட்டி. வீடு நாலு கிலோமீட்டர். நாலு கிலோமீட்டர்தானேன்னு எடுத்துட்டேன்.

ஆர்சி இல்லை. இன்ஷூரன்ஸ் இல்லை. ஹெல்மெட்டும் போடலை, தெருவுல யாராவது பார்த்தா சிரிப்பாங்கன்னு. தலைக்குப் பக்கத்துலயே இரும்புக் குழாய்.

மூணாவது கிலோமீட்டர்ல ஒரு சந்துல இருந்து சைக்கிள்ல ஒரு பொண்ணு வந்தா. ட்யூஷன் பை, பன்னண்டு வயசு இருக்கும். பெல்ட் இறுக்கிக் கட்டியிருந்ததால நான் முன்னாடி சாஞ்சு சந்தைப் பார்க்க முடியலை. பிரேக் மிதிச்சேன். ட்ராக் பேட் சூடானாதான் கவ்வும். ரோட்டுல, நாப்பது வேகத்துல, பச்சைத் தண்ணி மாதிரி ஆறிக் கிடக்கு. வண்டி வழுக்கிட்டே போய் அவ முன் சக்கரத்துக்கு ஒரு சாண் முன்னாடி நின்னது. அவ காலை ஊணி என்னைப் பார்த்தா. அப்புறம் பெடலை மிதிச்சுப் போயிட்டா.

நான் எத்தனையோ ராத்திரி கேஷுவாலிட்டில உட்கார்ந்து ஏஆர் எழுதினவன். எந்த இடத்துல, எத்தனை மணிக்கு, எந்த வண்டி மோதினதா சொல்றாங்க. இன்ஷூரன்ஸ் இல்லாத வண்டின்னா அந்தக் குடும்பம் இழப்பீட்டுக்கு எவ்வளவு அலையணும்னு தெரியும். அந்தத் தாள்ல வண்டி நம்பருக்கு நேரா அப்பாவோட கார் நம்பர். அதுக்கு மேல யோசிக்க முடியலை.

மீதி ஒரு கிலோமீட்டர் ஓட்டலை. ஓரமா தள்ளி நிறுத்திட்டு ஆட்டோ பிடிச்சு வந்தேன். வீட்டுல கேட்டாங்க, "வண்டி ஸ்டார்ட் ஆகலை"ன்னு சொன்னேன். உண்மையைச் சொல்ல ஆறு மாசம் ஆச்சு. மறுநாள் ரெக்கவரி வண்டிக்கு ரெண்டாயிரம் கொடுத்து ஷெட்டுக்கே திருப்பி அனுப்பினேன். அண்ணன்கிட்ட மட்டும் அன்னைக்கே சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "எனக்கு ஒரு ஃபோன் போட்டிருக்கலாமே டாக்டர், நான் திரும்பி வந்திருப்பேனே" என்றார்.

அதுக்கப்புறம் வண்டி வீட்டுக்கு வர்றதே இல்லை. ஷெட்லதான் நிக்குது, பேட்டரியைக் கழட்டி அண்ணன் பூட்டி வெச்சிடறார். அம்மாவுக்கு வருத்தம்தான். மாசம் ஒரு தடவை கூட்டிட்டுப் போய்க் காட்டறேன்.

மீதியெல்லாம் சின்ன விஷயம். கார் பாலிசில ரேஸ், வேகச் சோதனை கவர் ஆகாது. உங்க டெர்ம், ஹெல்த் பாலிசிலயும் ஆபத்தான விளையாட்டுக்கு விலக்கு இருக்கான்னு படிச்சுப் பாருங்க. ஓஆர்எஸ் எடுத்துட்டுப் போங்க, இருங்காட்டுக்கோட்டை வெயில்ல ஹெல்மெட்டுக்குள்ள தலை வெந்துடும். முதல் நாள் சொல்லிக்கொடுக்கறவரைப் பக்கத்துல உட்கார வெச்சுக்கோங்க. வண்டியைக் கொண்டுபோய்க் கொண்டுவர்ற செலவை முதல்ல எழுதிட்டு, மீதி இருந்தா டயரைப் பாருங்க.

எனக்கு அடுத்த மாசம் ஒரு ட்ராக் டே இருக்கு. ரெக்கவரி வண்டிக்கு அட்வான்ஸ் கொடுத்தாச்சு. இந்தத் தடவை ரெண்டு பேர்கிட்ட.