முகவரி இல்லாத மலையில் பெட்டி தேடும் விளையாட்டு

பாடசாலை விடுமுறை வந்துவிட்டால், "இந்த முறை எங்கே போகலாம்?" என்ற கேள்வி எல்லா வீடுகளிலும் எழும். மலைநாட்டுக்குப் போகலாம் என்று முடிவானால் பதுளை, பண்டாரவளை, அப்புத்தளை, எல்ல என்று ஊவாவின் பெயர்கள் வரிசையாக வந்து நிற்கும். போவோம், அருவியைப் பார்ப்போம், படம் எடுப்போம், சாப்பிடுவோம், திரும்புவோம். பிள்ளைகளோ இரண்டாம் நாளே சலித்துப் போய்க் கைபேசிக்குள் தலையைப் புதைத்துக் கொள்வார்கள்.

அதே கைபேசியைக் கொண்டே பிள்ளைகளை மலையில் நடக்க வைக்கும் விளையாட்டு ஒன்று உலகெங்கும் பரவியிருக்கிறது. ஜியோகேஷிங் என்பது அதன் பெயர். எங்கோ ஒருவர் ஒரு சிறு பெட்டியை மறைத்து வைத்து, அந்த இடத்தின் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களை இணையத்தில் அறிவிப்பார். மற்றவர்கள் அந்த எண்களைப் பின்பற்றிப் போய்த் தேடிக் கண்டுபிடிக்க வேண்டும். உள்ளே ஒரு சிறு குறிப்பேடு இருக்கும். பெயரும் தேதியும் எழுதிவிட்டுப் பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வர வேண்டும். அவ்வளவுதான் விளையாட்டு.

விளையாட்டு பிறந்த கதை

வானில் சுற்றும் செயற்கைக் கோள்களைக் கொண்டு நாம் நிற்கும் இடத்தை அறிவதுதான் ஜி.பி.எஸ். இது அமெரிக்க இராணுவத்திற்காக உருவான ஏற்பாடு. பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் அமெரிக்க அரசு வேண்டுமென்றே பிழை கலந்து வைத்திருந்ததால், சுமார் 100 மீட்டர் வரை தவறு காட்டும். 2000-ஆம் ஆண்டு மே மாதத் தொடக்கத்தில் அந்தப் பிழை நீக்கப்பட்டது. மறுநாளே, மே 3-ஆம் தேதி, டேவ் அல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தின் காட்டுப் பகுதியில் ஒரு வாளியை வைத்து அதன் எண்களை இணையத்தில் வெளியிட்டார். வாளிக்குள் புத்தகம், கணினி மென்பொருள், கொஞ்சம் பணம், ஓர் உண்டிவில், ஒரு தகர டின்னில் அவரை எல்லாம் இருந்தன. மூன்று நாட்களுக்குள் இருவர் அதைத் தேடிக் கண்டுபிடித்துவிட்டார்கள். இன்று உலகெங்கும் 30 இலட்சத்துக்கும் மேற்பட்ட பெட்டிகள் இருக்கின்றன. இலங்கையிலும் பெட்டிகள் பதிவாகியுள்ளன. மேலை நாடுகளோடு ஒப்பிட்டால் குறைவுதான்.

இதற்கு ஒரு மூத்த அக்காவும் உண்டு. இங்கிலாந்தின் டார்ட்மூர் மேட்டு நிலத்தில் 1854-இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி, நடந்து வருபவர்கள் தங்கள் பெயர்ச் சீட்டைப் போட்டுவிட்டுப் போக ஒரு போத்தலை வைத்தார். 'லெட்டர்பாக்ஸிங்' என்ற பெயரில் அந்தப் பழக்கம் வளர்ந்தது.

இடத்தை எண்ணால் குறிக்கும் கலை நம் வீடுகளுக்கும் அந்நியமானதல்ல. ஓர் ஊரில் நின்றபடி கிப்லா எந்தப் பக்கம் என்று கணக்கிட, அந்த ஊரின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். இதற்காகவே நகரங்களின் இருப்பிடத்தைக் கணிக்கும் முறைகளை அல்பீரூனி 1025-ஆம் ஆண்டில் ஒரு நூலாக எழுதி முடித்தார். பதுளையில் நின்று கணக்கிட்டால், கிப்லா நேர் மேற்கிலிருந்து வடக்கே சுமார் 24 பாகை திரும்பியிருக்கும். பயணத்தில் தொழுகை நேரம் வரும்போது பிள்ளைகளிடமே கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். எண்ணும் திசையும் அவர்களுக்குச் சட்டென்று பிடிபடும்.

எண் சொல்லும் வழி

பதுளை நகரம் ஏறத்தாழ வடக்கு 6 பாகை 59 நிமிடம், கிழக்கு 81 பாகை 3 நிமிடத்தில் இருக்கிறது. அட்சரேகையில் ஒரு நிமிடம் என்பது தரையில் சுமார் 1,852 மீட்டர். ஒரு நிமிடத்தை ஆயிரமாகப் பங்கிட்டு எழுதினால் கடைசி இலக்கம் இரண்டு மீட்டருக்குள் வந்துவிடும். திறந்த வெளியில் நல்ல கைபேசி ஐந்து மீட்டர் அளவுக்குச் சரியாகக் காட்டும். மரங்களுக்குக் கீழும் மலைச் சரிவிலும் தடுமாறும். ஆகவே கடைசிப் பத்து மீட்டரைக் கண்ணும் புத்தியும்தான் கண்டுபிடிக்க வேண்டும். பிள்ளைகளுக்கு ருசி பிடிப்பதும் அங்கேதான்.

ஊவாவில் எண் ஒன்று சொல்லும், மலை ஒன்று சொல்லும். எல்லவுக்கும் தெமோதரைக்கும் நடுவில், 1921-இல் திறக்கப்பட்ட ஒன்பது வளைவுப் பாலம் இருக்கிறது. நீளம் சுமார் 91 மீட்டர், உயரம் 24 மீட்டர். அதன் தீர்க்கரேகையும் பதுளையின் தீர்க்கரேகையும் ஏறத்தாழ ஒன்றே. காகம் பறப்பதுபோல் நேர்கோட்டில் போனால் சுமார் 12 கிலோமீட்டர். ரயிலோ வளைந்து வளைந்து ஒரு மணி நேரம் எடுக்கும். தெமோதரையில் ரயில் நிலையத்தைத் தாண்டிய தண்டவாளம் ஒரு வட்டம் சுற்றி இறங்கி, அதே நிலையத்தின் அடியிலுள்ள சுரங்கத்துக்குள் நுழைகிறது. கங்காணி ஒருவர் தலைப்பாகையை அவிழ்த்துக் கட்டுவதைப் பார்த்துத்தான் இந்த யோசனை பிறந்தது என்று மக்கள் கதை சொல்வார்கள். கொழும்பிலிருந்து சுமார் 290 கிலோமீட்டர் வந்த பாதை 1924-இல் பதுளையை எட்டி அங்கேயே முடிந்தது.

தண்டவாளம் வருமுன்னரே இந்த மலைகளில் முஸ்லிம்களின் கால்தடம் இருந்தது. உப்பும் கருவாடும் துணியும் ஏற்றிய தவள மாடுகளை ஓட்டிக்கொண்டு ஊவா, வெல்லஸ்ஸைப் பாதைகளில் நடந்தவர்களில் நம்மவர் பலர். எந்தக் கல்லில் திரும்ப வேண்டும், எந்த ஓடையில் தண்ணீர் கிடைக்கும் என்பதை அவர்கள் மனத்திலேயே எழுதி வைத்திருந்தார்கள்.

பெட்டி எங்கே இருக்கக் கூடாது?

நம் நாட்டில் முதலில் 'புதையல்' என்ற சொல்லைத் தவிருங்கள். புதையல் தோண்டுவது இங்கே சட்டப்படி குற்றம். பழைய விகாரைகளுக்கும் இடிபாடுகளுக்கும் அருகில் மண்வெட்டியோடு பிடிபட்டவர்களின் செய்தியைப் பத்திரிகைகளில் அடிக்கடி படிக்கிறோம். ஜியோகேஷிங் விதியும் அதையே சொல்கிறது. பெட்டியைப் புதைக்கக் கூடாது, தேட மண்ணைத் தோண்டவும் கூடாது. நிலத்துக்குரியவரின் அனுமதி வேண்டும். உணவுப் பொருள் வைக்கக் கூடாது, விலங்குகள் மோப்பம் பிடித்து இழுத்துவிடும். இரண்டு பெட்டிகளுக்கு இடையே 161 மீட்டராவது இருக்க வேண்டும். பெட்டியிலிருந்து ஒரு பொருளை எடுத்தால் அதற்குச் சமமானதையோ மேலானதையோ வைக்க வேண்டும். காவலாள் இல்லாத இடத்தில் அமானிதத்தைக் காக்கும் பழக்கம் இது என்று பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள்.

போரையும் குண்டுவெடிப்புகளையும் கண்ட நாடு இது. கேட்பாரற்றுக் கிடக்கும் பெட்டியைக் கண்டால் மக்கள் அஞ்சுவது இயல்பு. ஆகவே பெட்டி வைப்பவர், உள்ளே இருப்பது வெளியே தெரியும் கண்ணாடி போன்ற டப்பாவையே பயன்படுத்தி, இது விளையாட்டுப் பெட்டி என்று மூன்று மொழியிலும் எழுதி வைப்பது நல்லது. ரயில் பாலம், சுரங்கம், வணக்கத் தலங்கள், பாடசாலை வளவு ஆகியவற்றின் பக்கமே போக வேண்டாம். பெட்டியே இல்லாத வகையும் உண்டு. ஓர் அருவியையோ பாறையையோ போய்ப் பார்த்து, அதன் மண்ணியலைப் பற்றிய கேள்விக்கு விடை எழுதி அனுப்பினால் போதும். பதுளைக்கு அருகில் சுமார் 64 மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து புகைபோல நீர்த்தூள் எழுப்பும் துன்ஹிந்தவும், கொஸ்லந்தைப் பக்கத்தில் 220 மீட்டர் இறங்கும் தியலுமவும் அதற்குப் பொருத்தமான இடங்கள்.

அந்த மலையில் வாழ்பவர்கள்

அப்புத்தளைக்கு மேலே தம்பதென்ன தோட்டத்தில், 1890-இல் எழுந்த தேயிலைத் தொழிற்சாலையைத் தாண்டி ஏறினால் 'லிப்டன் சீட்' வரும். தாமஸ் லிப்டன் உட்கார்ந்து தன் தோட்டங்களைப் பார்த்த இடம் அது. உலகத்தார் ஏறிப் படம் எடுக்கிறார்கள். அந்த இடத்தின் எண்கள் எல்லா வரைபடத்திலும் உண்டு.

ஆனால் போகும் வழியில் நீங்கள் கடந்து செல்லும் லயத்துக்கு? லயத்தின் ஒவ்வொரு காம்பராவிலும் ஒரு குடும்பம் இருக்கிறது. அவர்களில் பலருக்குத் தம் பெயரில் ஒரு தபால் முகவரி கிடையாது. தோட்டத்தின் பெயரையும் பிரிவின் பெயரையும் எழுதிய கடிதம் தோட்ட அலுவலகத்துக்குப் போகும். அங்கிருந்து யார் கையிலாவது வந்து சேர்ந்தால் உண்டு. நேர்முகத் தேர்வுக்கான அழைப்பு நாள் கடந்து வந்தால், படித்த பெண்பிள்ளையின் வேலை வாய்ப்பு அங்கேயே போய்விடும். வீடுகளுக்கு இலக்கமும் தெருவுக்குப் பெயரும் கொடுக்கும் முயற்சி சில தோட்டங்களில் நடந்திருக்கிறது. பல இடங்களில் இன்னும் ஆகவில்லை. கல்லுக்கடியில் மறைத்த டப்பாவுக்கு இரண்டு மீட்டர் துல்லியத்தில் முகவரி இருக்கிறது. அந்தக் கல்லைச் சுற்றிக் கொழுந்து பறிக்கும் பெண்ணுக்கு இல்லை.

இவர்களின் முன்னோர் 1820-களிலிருந்து தமிழ்நாட்டுக் கிராமங்களை விட்டு வந்தவர்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் பெரும்பாலோர் குடியுரிமை இழந்தனர். எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்கு வழி திறந்த சட்டம் 2003-இல்தான் வந்தது. கொஸ்லந்தை மீரியபெத்தையில் 2014 அக்டோபர் 29-ஆம் தேதி காலை மலை சரிந்து லயங்களை மூடியதை நாடே பார்த்துக் கண்ணீர் விட்டது. அபாயம் என்று முன்னரே எச்சரிக்கப்பட்ட இடம் அது. 2025 நவம்பரில் வந்த டிட்வா புயலிலும் பதுளை மாவட்டத்தில் மண்சரிவுகள் பல உயிர்களைப் பறித்தன.

ஆகவே தோட்டத்துக்குள் போகும்போது சில விஷயங்களை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் தோட்ட அலுவலகத்தில் கேட்டுவிட்டுப் போங்கள். தேயிலை நிரைக்குள் புகுந்து செடியை மிதிக்காமல் பாதையிலேயே நடங்கள்.

கொழுந்து பறிக்கும் பெண்களைப் படத்துக்காக நிறுத்தாதீர்கள். நாளுக்கு இத்தனை கிலோ என்று அவர்களுக்குக் கணக்கு உண்டு. குறைந்தால் சம்பளத்தில் குறையும். பேச விரும்பினால் ஓய்வு நேரத்தில் பேசுங்கள்.

மரப்பொந்திலும் புதரிலும் கையை விட வேண்டாம். தோட்டங்களில் குளவிக் கொட்டுக்கு ஆளாகி உயிரிழந்த தொழிலாளர் பலர். நீங்கள் கலைத்துவிட்டு ஓடிவந்த குளவிக் கூட்டம், கூடையைச் சுமந்து நிற்கும் பெண்ணைத்தான் துரத்தும்.

மழைக்காலத்தில் சரிவான இடங்களுக்குப் போகாதீர்கள். ஊவாவில் ஆண்டு இறுதியில்தான் மழை பலமாக இருக்கும். ஜூலை முதல் செப்டம்பர் வரை வறண்ட கச்சான் காற்று வீசும். ஊவாத் தேயிலைக்கு அதன் தனி மணத்தைத் தருவது அந்தக் காற்றுத்தான். நடப்பதற்கும் அதுவே நல்ல காலம். புயலில் மலையக ரயில் பாதை சேதமானதால், ரயில் எதுவரை ஓடுகிறது என்று புறப்படும் முன் நிலையத்தில் விசாரித்துக்கொள்ளுங்கள்.

வழுக்காத செருப்பு, தண்ணீர், அட்டைக்கடிக்குக் கொஞ்சம் உப்பு, குப்பையை அள்ளிவர ஒரு பை ஆகியவை போதும். பெட்டி தேடப் போகிறவர்கள் வழியில் கிடக்கும் குப்பையைப் பொறுக்கிக்கொண்டு திரும்புவது 2002 முதல் இந்த விளையாட்டின் ஒரு பகுதியாகவே இருக்கிறது.

பயணம் வாய்க்காத சகோதரிகள் வீட்டு வளவிலேயே இதைத் தொடங்கலாம். பெருநாள் விடுமுறையில் பிள்ளைகளுக்கு நான்கு எண்களை எழுதிக் கொடுத்து, நான்கு டப்பாக்களைத் தேடச் சொல்லுங்கள். ஓடித் திரிந்து பசியோடு வந்து சோறு கேட்பார்கள்.

ஊவாவுக்கே போய் ஒரு பெட்டியைக் கண்டுபிடித்தால், குறிப்பேட்டில் உங்கள் பெயரோடு நின்றுவிடாதீர்கள். தோட்டங்களுக்குத் துரைமார் வைத்த பெயர் ஒன்று, தொழிலாளர் வழங்கும் தமிழ்ப் பெயர் வேறொன்று என்று இருக்கும். வழியில் சந்திப்பவரிடம், "அக்கா, இந்தத் தோட்டத்துக்குத் தமிழில் என்ன பேர்? இது எந்த டிவிஷன்?" என்று கேளுங்கள். கேட்டால் மகிழ்ந்து சொல்வார்கள். அந்தப் பெயரையும் தேதிக்குப் பக்கத்தில் எழுதிவிட்டு, மூடியை இறுக மூடி, எடுத்த இடத்திலேயே வையுங்கள். அடுத்து வருகிறவர் அதைப் படிக்கட்டும்.