இரண்டு பானைகள்

நுழையும்முன்

ஒரு மக்களினத்தின் வரலாறு ஏடுகளில் மட்டுமன்றி அடுப்பங்கரையிலும் வாழ்கிறது. எழுதிவைக்கப்படாத அவ்வரலாறு கைவிட்டுப் போனால் மீட்பது அரிது. மேற்கு ஆப்பிரிக்காவின் நைஜீரிய நாட்டில், யொரூபா மொழி பேசும் குடும்பத்தில் பிறந்த ஒருவர் தம் பாட்டியின் சமையலை நினைவுகூர்வதாக அமைந்தது இக்கட்டுரை.

நாடு விடுதலை பெற்ற 1960ஆம் ஆண்டில் இபாதான் நகரில் பிறந்தவன் நான். துருவேறிய தகரக் கூரைகள் அலையலையாய்த் தெரியும் ஒரு மேட்டில் எங்கள் வீடு இருந்தது. தாயும் தந்தையும் பணியின் பொருட்டு லாகோஸ் நகரில் வாழ்ந்தமையால் என்னை வளர்த்தவர் பாட்டி. கொல்லைப்புறத்தில் மூன்று கற்களைக் கூட்டியதே அவருடைய அடுப்பு. 'அடுப்புக்கல் மூன்றானால் குழம்பு கவிழாது' என்பது எங்கள் பழமொழி. அந்த மூன்று கற்களைச் சுற்றியே என் இளமை கழிந்தது.

விடியற்காலையில் காராமணியை ஊறவைத்துத் தோல் நீக்கி, மிளகாயும் வெங்காயமும் கூட்டிக் கல்லில் அரைப்பார் பாட்டி. அம்மாவைச் சிறுசிறு உருண்டைகளாக எண்ணெயில் பொரித்தால் 'அக்காரா'. அகன்ற இலையில் பொதிந்து ஆவியில் வேகவைத்தால் 'மொய்மொய்'. முற்காலத்தில் அடிமைகளாகக் கப்பலேற்றப்பட்ட எம் மக்களோடு அக்காராவும் கடல் கடந்தது. பிரேசில் நாட்டின் பாகியா பகுதியில் 'அக்கராஜே' என்னும் பெயரில் அது இன்றும் தெருவில் விற்கப்படுகிறது. வெறுங்கையோடு சென்றவர்கள் தம் நாவில் சுமந்து சென்ற செல்வம் அது!

நண்பகலில் உரல் ஒலிக்கத் தொடங்கும். யாம் என்னும் பெருவள்ளிக்கிழங்கை வேகவைத்து, கட்டியின்றி வெண்ணெய்போல் திரளும்வரை இடித்தால் 'இயான்' கிடைக்கும். உரலை 'ஓடோ' என்றும் உலக்கையை 'ஓமோ ஓடோ' என்றும் அழைப்போம். 'உரலின் பிள்ளை' என்பது அதன் பொருள். உலக்கை விழும் ஓசையைக் கொண்டே எந்த வீட்டிற்கு விருந்தினர் வந்திருக்கின்றனர் என்பதைப் பாட்டி கூறிவிடுவார்.

தெரிந்து தெளிவோம்

தமிழில் அம்மி, ஆட்டுக்கல் ஆகியவற்றில் அரைக்கும் கல்லைக் குழவி என்கிறோம். குழவி என்னும் சொல் குழந்தையையும் குறிக்கும்.

பாட்டியின் சமையலுக்கு உயிரளித்தது 'இரூ'. பார்க்கியா என்னும் மரத்தின் நீண்ட நெற்றுகளிலிருந்து எடுத்த விதைகளை ஏறத்தாழ அரைநாள் வேகவைத்து, தேய்த்துத் தோல் நீக்கி, அலசி, மீண்டும் வேகவைத்து, இலையால் மூடி இரண்டு மூன்று நாள்கள் வெம்மையில் வைப்பர். நுண்ணுயிரிகள் விதையின் புரதத்தைச் சிதைக்க, கடுமையான மணத்தோடு இரூ உருவாகும். முளைக்கீரை, சிவப்பு மிளகாய், செந்நிறப் பாமாயில் ஆகியவற்றோடு இரூவும் சேர்ந்தால்தான் 'எஃபோ ரிரோ' என்னும் கீரைக்குழம்பு நிறைவுபெறும். இறைச்சி வாங்க இயலாத நாள்களிலும் எங்கள் குழம்பு சுவை குன்றாதிருந்தமைக்கு இரூவே காரணம்.

1972இல் என்னை விடுதியுடன் கூடிய பள்ளியொன்றில் சேர்த்தனர். என்னைக் காணவந்த பாட்டி, தூக்குப்பாத்திரம் நிறைய எஃபோ ரிரோ கொண்டுவந்தார். மூடியைத் திறந்ததும் உடனுறை மாணவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு சிரித்தனர். நானும் அவர்களோடு சேர்ந்து சிரித்தேன். பாட்டி சென்றபின் குழம்பு முழுவதையும் குப்பையில் கொட்டினேன். விடுமுறைக்கு வீடு திரும்பியதும், "இனி எனக்கு இரூ வேண்டா; நாறுகிறது" என்றேன். பாட்டி மறுமொழி கூறவில்லை. அன்றுமுதல் அடுப்பருகே இரண்டு பானைகள் இருந்தன. ஒன்றில் இரூவிட்ட குழம்பு. மற்றொன்றில் கடையில் விற்கும் சுவையூட்டிக் கட்டியைக் கரைத்த குழம்பு. நான் பணியில் சேர்ந்த பின்னரும், ஊருக்கு வரும்போதெல்லாம் அவ்விரு பானைகளையும் கண்டேன். இரண்டாவது பானையை மட்டுமே தொட்டேன்.

18 ஆண்டுகளுக்குப் பின் பாட்டி மறைந்தார். இறுதிச் சடங்கிற்கு வந்தோர் அனைவருக்கும் சுவையூட்டிக் கட்டி கரைத்த கீரைக்குழம்பே பரிமாறப்பட்டது. நான் கேட்டுப் பெற்ற சுவைதான் அது. ஆயினும் ஒரு கவளம்கூட உள்ளே இறங்கவில்லை. எழுந்துபோய் அடுக்களையில் இரூவைத் தேடினேன். ஒரு சிறு துண்டும் கிடைக்கவில்லை. அதைச் செய்யும் முறையை அத்தைமார் ஒருவரும் அறிந்திருக்கவில்லை.

போடிஜா சந்தையில் இரூ விற்கும் மூதாட்டி ஒருவரை நாடிச் சென்றேன். "எத்தனை நாள் மூடிவைக்க வேண்டும் அம்மா?" என்று கேட்டேன். "நாளை எண்ணாதே, பிள்ளாய், மணம் சொல்லும்" என்றார். நான் வெறுத்து விலக்கிய மணமே எனக்கு ஆசானாயிற்று. முதல்முறை விதைகள் வேகாமல் கல்லாகவே இருந்தன. இரண்டாம்முறை பூசணம் பூத்தது. மூன்றாம்முறை இலையை விலக்கியபோது பாட்டியின் கொல்லைப்புறமே கண்முன் எழுந்தது.

அப்போது என் மகள் மூக்கைப் பொத்திக்கொண்டு வாயிலில் நின்றாள். கடிந்துகொள்ள வாயெடுத்தேன், பாட்டியின் மௌனம் என்னைத் தடுத்தது. அவர் எனக்கு விட்டுக்கொடுத்ததாகவே இத்தனை ஆண்டுகளும் எண்ணியிருந்தேன். அவர் எனக்காகக் காத்திருந்தார் என்பது அந்த நொடியில் விளங்கிற்று.

மகளுக்காக இரூ சேர்க்காத குழம்பைத் தனிப் பானையில் சமைத்தேன். பின்னர் இரண்டு பானைகளையும் அருகருகே, அவள் கைக்கு எட்டும் இடத்தில் வைத்தேன்.