முள்ளும் மணியும்

நாம் பணியாற்றும் வியாசர்பாடியில், நேரத்தைக் கண்ணால் பார்த்து அறிந்தவர்களைவிடக் காதால் கேட்டு அறிந்தவர்களே ஒரு காலத்தில் மிகுதி. பெரம்பூர் பின்னி ஆலையின் சங்கொலி கேட்டே பல வீடுகளில் பொழுது நகர்ந்தது. 1996-இல் ஆலை மூடப்பட்டது, சங்கும் ஓய்ந்தது.

காலத்தைச் செவிக்கு உணர்த்தும் இக்கலையை ஒரு சிறு பெட்டிக்குள் அடக்கிக் காட்டியவர்கள் 17-ஆம் நூற்றாண்டின் இலண்டன் கைவினைஞர்கள். அவர்கள் செய்த மேசைக் கடிகாரங்களில் கருங்காலித் தகடு பதித்த பெட்டி உண்டு. அறைக்கு அறை எடுத்துச் செல்ல மேலே பிடி உண்டு. எளிதில் கண்ணில் படாத பின்தகட்டிலும் பூவேலை உண்டு. எனினும் அவற்றுள் நம்மைப் பெரிதும் வியக்கச் செய்வது மணியடிக்கும் பொறியே.

பழைய கடிகாரங்களில் விளிம்பில் வெட்டுகளுடைய ஒரு சக்கரம் இருந்தது. அது ஒன்று, இரண்டு என வரிசையாக அடித்து, 12 மணி நேரத்தில் 78 அடிகளை முடித்து, மீண்டும் தொடங்கும். முள் எங்கே நிற்கிறது என்பதை அது அறியாது. முன்பு அடித்ததே அதன் கணக்கு. ஒருமுறை பிசகினால், முள் மூன்றைக் காட்ட மணி ஏழு அடிக்கும். பிசகு தொடர்ந்துகொண்டே செல்லும்.

இக்குறையைப் போக்கியவர் ஒரு கத்தோலிக்கக் குரு என்பது நம்மில் பலர் அறியாத செய்தி. அவர் 1639-இல் இங்கிலாந்தின் லங்காஷயரில் பிறந்த எட்வர்ட் பார்லோ. குருத்துவப் பணிக்காக 1641-இல் கொல்லப்பட்ட புனித அம்புரோஸ் பார்லோ அவருடைய ஞானத்தந்தை. அவர் பெயரையே இவர் தாங்கினார். லிஸ்பனில் பயின்று தாயகம் திரும்பி, ஏழைகளைத் தேடிச் சென்று, அவர்களைப் போலவே எளிமையாக வாழ்ந்தார்.

1676-ஆம் ஆண்டளவில் அவர் வகுத்த முறை எளியது. மணிமுள்ளோடு இயைந்து சுழலும், நத்தை ஓடு போன்ற ஒரு தகடு. அதில் 12 படிகள். மணியடிக்கும் வேளையில் பற்களுடைய ஒரு கரம் அப்படிகளின்மீது விழும். மூன்றாம் படியில் விழுந்தால் மூன்று பற்கள், மூன்று அடிகள். முள் நிற்கும் இடமே மணியின் சொல். நள்ளிரவில் கயிற்றை இழுத்தால், அது நேரத்தை மீண்டும் ஒலிக்கும், விளக்கேற்ற வேண்டியதில்லை.

1687-88-இல் இத்தகைய சட்டைப்பைக் கடிகாரத்திற்கு அவர் தனியுரிமை கோரினார். அதைச் செய்தளித்தவர் புகழ்பெற்ற தாமஸ் டாம்பியன். ஆனால் டானியேல் குவேர் செய்த கடிகாரமும் போட்டிக்கு வந்தது. கத்தோலிக்கரான அரசர் இரண்டாம் ஜேம்ஸ் இரண்டையும் சோதித்து, குவேருடையதையே விரும்பினார். பார்லோவுக்கு உரிமை கிட்டவில்லை. அவர் வகுத்த முறையோ உலகெங்கும் பரவியது.

அன்பு வாசகர்களே, நம்மில் எத்தனை பேர் பழைய சக்கரத்தைப் போல, என்றோ நேர்ந்த பிசகையே இன்றும் அடித்துக்கொண்டிருக்கிறோம்! ஒப்புரவு அருட்சாதனத்தில் இறைவன் நம்மைப் பழைய கணக்கிலிருந்து விடுவிக்கிறார். இப்போது நிற்கும் இடத்திலிருந்து உண்மையைச் சொல். அதுவே போதும் என்கிறார்.